பானட்டின் வலது பாதி

முதலில் கைக்கடிகாரம், அடுத்து மோதிரம், கடைசியாகப் பெல்ட். மூன்றையும் கழற்றி, மூடி தொலைந்துபோன பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுவிட்டுத்தான் அவர் வண்டியை நெருங்குவார். பையில் பேனா இருந்தால் அதுவும் டப்பாவுக்குப் போகும். பொத்தான் வைத்த சட்டை ஆணிக்குப் போகும். ஆணியிலிருந்து வட்டக் கழுத்துப் பனியன் உடம்புக்கு வரும். பெயிண்டில் உரசக்கூடிய எதுவும் மேலே இருக்கக் கூடாது. கால்சட்டையின் இடது பையில் மடித்து வைத்த கைக்குட்டைக்கு மட்டும் விலக்கு உண்டு. நெற்றி வியர்வை வண்டிமேல் சொட்டிவிடாமல் அவ்வப்போது ஒற்றிக்கொள்ள அது வேண்டும்.

"டாக்டர் ஆபரேஷனுக்கு ரெடி ஆயிட்டாரு," என்பார் பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர்.

"நீங்க டியூபுல நாலு ஒட்டு போட்டாலும் உள்ளதான் இருக்கப்போகுது, யாரும் பாக்கப்போறதில்ல. என் வேல பூரா வெளியில," என்று இவர் திருப்பிக் கொடுப்பார். இந்த இரண்டு வாக்கியமும் வாரத்துக்கு நான்கு முறையாவது பரிமாறப்படுகின்றன. இருவருக்கும் அலுக்கவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பதினேழு ஆண்டுகளாகச் செய்வது ஒரே வேலை: கறுப்பு, கருநீலம், கரும்பச்சை என்று அடர்ந்த நிறக் கார்களின் பெயிண்டில் விழுந்த சுழல் கீறல்களை எடுப்பது. வெள்ளை வண்டி வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். "வெள்ளையில கீறல் இல்லாம இல்ல. ஆனா அது உங்களையும் தொந்தரவு பண்ணாது, என்னையும் பண்ணாது. சந்தோஷமா ஓட்டுங்க." அவருடைய கொட்டகை இருபத்திரண்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். ஒரு வண்டி நிற்கலாம். அதைச் சுற்றி ஒரு மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டு நடக்கலாம். வாசலில் தொங்கும் பலகையில் கடையின் பெயர் கிடையாது. 'அவசரமாக வேண்டுவோர் மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

தெருவில் அவரை 'டார்ச்சுக்காரர்' என்கிறார்கள். வண்டி உள்ளே வந்ததும் ஷட்டரை இறக்கி, பட்டப்பகலை இருட்டாக்கி, டார்ச்சை பெயிண்டின்மேல் அடிப்பார். விளக்கின் பிரதிபலிப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை ஒன்று தோன்றும். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே சுற்றியிருப்பவை மட்டும் மின்னி வட்டமாகத் தெரிகின்றன. இதை அவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். சொந்தக்காரர்கள் முகம் வாடும். "பயப்படாதீங்க. இது உங்க வண்டிக்கு வந்த வியாதி இல்ல. நீங்க காட்டின பாசம்," என்பார்.

பாசம் என்று அவர் சொல்வது உலர்ந்த துணியை. வண்டிமேல் படிவது தூசி. தூசி என்றால் பொடி மணல். அந்த மணலை உலர்ந்த துணி பெயிண்டின்மேல் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே உள்ள நிறமற்ற பூச்சு தலைமயிரைவிட மெல்லியது. கீறலை எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பூச்சைத்தான் பாலிஷ் மிஷினால் துளித்துளியாகத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். போனது வராது.

ஆகவே அவரிடம் சட்டங்கள் உண்டு. கழுவ இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர், அழுக்கு அடியிலேயே தங்குவதற்காக இரண்டிலும் ஒரு சல்லடைத் தட்டு. கை நேர்கோட்டில்தான் போக வேண்டும். ஈரத்தைத் துடைக்கக் கூடாது. துணியைப் பரப்பி ஒற்றி எடுக்க வேண்டும். துணி ஒருமுறை தரையில் விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது; உதறியும் பயனில்லை, துவைத்தும் பயனில்லை. அப்படி விழுந்த துணிகள் எல்லாம் வீட்டுக்குப் போகின்றன. அந்த வீட்டில் அடுப்பு துடைப்பதும், தரை துடைப்பதும், ஜன்னல் துடைப்பதும் மயிலிறகுபோல மெத்தென்ற உயர்ந்த ரகத் துணிகள்தாம்.

"கீழ போட்டுட்டேன்னு மாசத்துக்கு அஞ்சு துணி கொண்டுவராரு. வேணும்னே போடறாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்," என்று சொல்லும் அவர் மனைவிக்கு வேறொரு புகாரும் இருக்கிறது. புது எவர்சில்வர் தட்டு வாங்கிவந்தால் அவர் அதை டார்ச்சடித்துப் பார்க்கிறார். "சாப்பிடற தட்டுக்குமா? நாளைக்கு எனக்கும் அடிச்சுப் பாப்பீங்க போலிருக்கே."

"உனக்கு எதுக்கு? கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டேன். ஒரு கீறல் இல்ல."

இவ்வளவு சட்டம் பேசுகிற மனிதரால் ஒரே ஒருவரிடம் மட்டும் வாய் திறக்க முடியாமல் இருந்தது. அவர் மாமனார்.

மாமனாருக்கு வயது எழுபத்து நான்கு. முப்பத்தெட்டு ஆண்டுகள் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, ஆறாண்டுகளுக்கு முன் மூடியவர். அவரிடம் ஒன்பது வயதான கறுப்பு வண்டி ஒன்று இருக்கிறது. தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரு மஞ்சள் துணியுடன் வெளியே வந்து, உலர்ந்த வண்டியை முகப்பிலிருந்து பின்புறம் வரை வட்டம் வட்டமாகத் துடைப்பார். இருபத்தைந்து நிமிடம். வண்டி அன்று வெளியே போகிறதா என்பது வேறு விஷயம், பெரும்பாலும் போகாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டி மருமகனின் கொட்டகைக்கு வரும். "என்னமோ மங்கலா இருக்கு மாப்பிள்ளை, கொஞ்சம் பாருங்க," என்பார். மாப்பிள்ளை வலையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மிஷினை எடுப்பார். பெயிண்டின் கனம் பார்க்கும் கருவியை வைத்து எண்ணைக் குறித்து, வண்டியின் கையேட்டுக்குள் சீட்டாகச் செருகுவார். முதல் முறை வைத்தபோது இன்ஜின் மேல்மூடியான பானட்டில் நூற்றுப் பதினான்கு மைக்ரான். நான்கு முறை மிஷின் ஓடிய பிறகு தொண்ணூற்று ஏழு. தொண்ணூறுக்குக் கீழே மிஷின் வைப்பதில்லை என்பது அவருடைய சட்டம். அதாவது, இன்னும் ஒரே ஒரு முறை. பிறகும் துடைத்தால் புதுப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. மாமனாரிடம் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. "கம்பெனி பெயிண்டுக்கு மேல கை வெக்க நான் உயிரோட இருக்கறவரைக்கும் விட மாட்டேன்," என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார்.

"உங்கப்பாகிட்ட நீ சொல்லேன்," என்றார் மனைவியிடம்.

"டாக்டர் நீங்களா நானா? ஆனா ஒண்ணு, கடையை மூடினதுக்கப்புறம் அவருக்குன்னு காலைல இருக்கறது அந்த ஒரு வேலதான். பாத்துப் பேசுங்க."

பார்த்துத்தான் பேசினார். ஐந்தாம் முறை வண்டி வந்தபோது, மாமனாரைக் கவிழ்த்த வாளிமேல் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சீட்டை எடுத்துக் காட்டினார்.

"மாமா, இந்த பானட்டுக்கு இது கடைசித் தடவ."

"என்ன மாப்பிள்ளை, ஐ.சி.யூ. வாசல்ல நிக்கற மாதிரி பேசறீங்க?"

"தினமும் காய்ஞ்ச துணியில தொடைக்கறீங்க இல்ல, அதுதான் கீறுது."

"துணி கீறுதா? நல்லா இருக்கே கதை! தொடைக்காம விட்டா தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவாங்க? வண்டி வெச்சிருக்கான், வெச்சுக்கத் தெரியலன்னு சொல்லமாட்டாங்களா?"

"கடையில யாராவது சட்ட நுனியில கண்ணாடியத் தொடைச்சா நீங்க விடுவீங்களா மாமா?"

"கையிலேருந்து பிடுங்கிடுவேன்! லென்சு என்னத்துக்கு ஆகறது?" சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. டீயை ஒரு வாய் குடித்துச் சமாளித்தார். "அது கண்ணாடி. இது இரும்பு. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க."

வாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. முடிவில் ஒரு பந்தயம் பிறந்தது. மீதமிருக்கும் அந்த ஒரே முறையையும் பயன்படுத்தி மாப்பிள்ளை பானட் முழுவதையும் கண்ணாடிபோல ஆக்கித் தருவார். நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புதான் எல்லை. இடது பாதியை மாமனார் வழக்கம்போல் துடைக்கலாம். வலது பாதியை முப்பது நாள் யாரும் தொடக் கூடாது. தூசியானாலும் சரி, மழையானாலும் சரி. முப்பதாம் நாள் டார்ச். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் மருமகன் அந்தப் பேச்சையே இனி எடுக்க மாட்டார். வலது பாதி சுத்தமாக இருந்தால் மஞ்சள் துணி ஓய்வு பெறும். மிஷின் ஓடி முடித்தபோது கருவி தொண்ணூற்றிரண்டு காட்டியது. அவர் அதைச் சீட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். இனி எழுத ஒன்றுமில்லை.

அந்த முப்பது நாளும் அந்தத் தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆறு பத்துக்கு மாமனார் வருவார்; இடது பாதியைத் துடைப்பார்; மடிப்பு வந்ததும் பிரேக் போட்டதுபோல் கை நிற்கும். நடைப்பயிற்சி போகிறவர்கள் கேட்பார்கள். "இது நம்ம பக்கம். அது மாப்பிள்ளை பக்கம். பாத்துக்குங்க, யாரு பக்கம் எப்படியிருக்குன்னு," என்பார். பன்னிரண்டாம் நாள் தூறல் போட்டு வலது பாதி புள்ளி புள்ளியாக ஆனபோது மகளுக்கே போன் வந்தது: "உன் வீட்டுக்காரர் பாதியைப் பாக்கச் சகிக்கல. வந்து கும்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

மாப்பிள்ளை அந்த மாதத்தில் மூன்று முறை அங்கே போனார். இரண்டு முறை சாப்பிட. ஒருமுறை மாமியாருக்கு மாத்திரை கொடுக்க. சாப்பிடப் போன ஒரு நாளில் மாமனார் மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியை வீடு முழுதும் தேடிக்கொண்டிருந்தார். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டின மனுஷன்!" மாமனாரும் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் நிறுத்துவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டார்.

முப்பதாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்கு வண்டி கொட்டகைக்குள் வந்தது. மகள் நடுவராக வந்திருந்தார். கடிகாரம், மோதிரம், பெல்ட் டப்பாவுக்குப் போயின. இரண்டு வாளி, நேர்கோடு, ஒற்றி எடுத்தல். பிறகு ஷட்டர் இறங்கியது.

முதலில் இடது பாதி. வலை. அடர்த்தியான, நிறைவான வலை. மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, "இருட்டுல எத அடிச்சாலும் அப்படித்தான் தெரியும். அந்தப் பக்கம் அடிங்க," என்றார்.

டார்ச் மடிப்பைத் தாண்டியது. வலை மறைந்தது. கறுப்புக்குள் வெளிச்சம் ஒரே ஒரு பொட்டாக நின்றது, சுற்றிலும் ஒன்றுமில்லை. மகள் கைதட்டினார். மாமனார் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். மாப்பிள்ளை டார்ச்சை மெல்ல முகப்பை நோக்கி இறக்கினார். வலது முகப்பு விளக்குக்கு நான்கு விரல் மேலே, உள்ளங்கை அகலத்தில், வட்டம் வட்டமாக ஒரு வலை இருந்தது.

டார்ச்சை நகர்த்தினார். திரும்பக் கொண்டுவந்தார். இருந்தது.

"தொட்டிருக்காங்க," என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாமனார் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கவிழ்த்த வாளியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான்தான் தொட்டிருப்பேன்."

"நீங்க மடிப்பத் தாண்டவே மாட்டீங்களேப்பா, தெருவே பாத்துச்சே," என்றார் மகள்.

"வேற யாரு தொடுவா? கை அது பாட்டுக்குப் போயிருக்கும். ஆனா எனக்கு..." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஞாபகமே இல்லம்மா. கொஞ்சங்கூட இல்ல. அன்னைக்குக் கண்ணாடி. இன்னைக்கு இது."

பந்தயம் எப்படியும் மாப்பிள்ளைக்குத்தான். இனி மாமனாராகவே மஞ்சள் துணியைக் கொடுத்துவிடுவார். மாப்பிள்ளைக்கு நெற்றி வியர்த்தது. இடது பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார். கை பாதி வழியில் நின்றது. கைக்குட்டையைப் பார்த்தார். வலைவிழுந்த இடத்தைப் பார்த்தார்.

பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை. மாத்திரைப் பொட்டலம் ஒரு கையில். ஒரு வாடிக்கையாளர் போனில், காதுக்கும் தோளுக்கும் நடுவே. பானட்டின்மேல் பறவை எச்சம், காசளவுக்கு. எச்சம் பெயிண்டை அரிக்கும் என்று பதினேழு ஆண்டுகளாகச் சொல்கிற கை, ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பதினேழு ஆண்டுகளாகச் சொல்கிற அதே கை, பைக்குள் போனது. மூன்று தேய்ப்பு. கைக்குட்டை திரும்பப் பைக்குள். யாரும் பார்க்கவில்லை. அவரே பார்க்கவில்லை.

மகள் அப்பாவின் தோளில் கைவைத்து, "விடுங்கப்பா, வயசானா இதெல்லாம் சகஜம்," என்று தொடங்கியபோது மாப்பிள்ளை டார்ச்சை அணைத்துவிட்டுக் கொட்டகை விளக்கைப் போட்டார்.

"வயசும் இல்ல ஒண்ணும் இல்ல. மாமா, அது நான்."

"சும்மா இருங்க மாப்பிள்ளை. எனக்காகச் சொல்லாதீங்க."

"உங்களுக்காக இல்ல மாமா. மாத்திரை கொடுக்க வந்தேன் இல்ல, அன்னைக்கு. காக்கா எச்சம் இருந்துச்சு. போன் பேசிட்டே இதால..." கைக்குட்டையை நீட்டினார். "மூணு தேய்ப்பு. காய்ஞ்சதுலயே தேய்ச்சுட்டேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"ஞாபகமே இல்லியா உங்களுக்கு?"

"கொஞ்சங்கூட இல்ல மாமா."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

அப்போது கிளம்பிய சிரிப்பு ஷட்டருக்கு வெளியே பஞ்சர் கடை வரை கேட்டது. மாமனார் வாளியிலிருந்து எழுந்துவிட்டார். "டேய் டேய்... மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, வாயில வந்துருச்சு. ரெண்டு வாளி! நேர்கோடு! கீழ விழுந்த துணி ஆகாது! கடைசியில கைக்குட்டையா? மூக்குத் தொடைக்கற கைக்குட்டையா?"

"நெத்தி தொடைக்கறது மாமா."

"நெத்தி தொடைக்கறதாம்! கேட்டியாம்மா?" மகளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்தே. ஷட்டரைத் தட்டி, "உள்ள என்னங்க, ஆபரேஷன் சக்சஸா?" என்று பஞ்சர்காரர் கேட்டார். "டாக்டரே வயித்துக்குள்ள கத்திரிக்கோல விட்டுட்டாராம்!" என்று உள்ளிருந்து மாமனாரின் பதில் போனது.

சிரிப்பு அடங்கியதும் மாமனார் சட்டைப் பையிலிருந்து, கடையை மூடிய பிறகும் விடாமல் வைத்திருக்கும் சின்ன பூதக்கண்ணாடியை எடுத்தார். "லைட்ட அணைச்சுட்டு டார்ச்சைப் போடுங்க." முகப்பு விளக்குக்கு மேலே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குரலில் பழைய கடைக்காரர் வந்திருந்தார்.

"இதை நான் ஆயிரம் லென்சுல பாத்திருக்கேன். சட்ட நுனிக் கீறல். அப்படியே அச்சு அசல்." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மூணே மூணு தேய்ப்புன்னு சொன்னீங்க?"

"மூணுதான் மாமா."

"நான் காலைல முந்நூறு தேய்ப்பேனே." இடது பாதியைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகளை மனத்துக்குள் பெருக்கிப் பார்க்கிறவர்போல உதடு அசைந்தது. விடை பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். "சுத்தமா இருந்த பாதிய மட்டும் காட்டியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன் மாப்பிள்ளை. வெளிச்சம் சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இதுக்கு என்ன சொல்ல முடியும்?"

பானட் இன்னும் தொண்ணூற்றிரண்டில்தான் இருக்கிறது. இடது பாதியில் அந்த மாதத்து வலையும், வலது விளக்குக்கு மேலே உள்ளங்கை அகல வலையும் அப்படியே இருக்கின்றன. கையால் லேசாகத் தேய்த்துச் சற்று மறைக்கலாம் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "தொடாதீங்க. இந்தப் பக்கம் என் கையெழுத்து. அந்தப் பக்கம் உங்க கையெழுத்து. ரெண்டும் இருக்கட்டும்," என்று பதில் வந்தது. தெருவில் கேட்பவர்களுக்கு மாமனார் இரண்டையும் காட்டுகிறார். வலதுபுறத்துக் கதையைச் சொல்லும்போதுதான் குரல் கணீரென்று இருக்கிறது.

ஆறு பத்துக்கு அவர் இன்னும் வெளியே வருகிறார். மஞ்சள் துணிக்குப் பதில் பூதக்கண்ணாடியுடன் வண்டியைச் சுற்றி, எச்சம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். விழுந்திருந்தால் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்து ஐந்து நிமிடம் எண்ணுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை இரண்டு வாளிகளோடு வருகிறார். இருவரும் ஆளுக்கொரு பாதியாகக் கழுவுகிறார்கள்.

அதற்கு முன் ஒரு சடங்கு இருக்கிறது. மாப்பிள்ளை கேட்டைத் திறந்ததும் மாமனார் எதிரே வந்து, உள்ளங்கையை நீட்டுவார். டார்ச்சுக்காரர் வாளிகளைக் கீழே வைத்து, இடது பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, அந்தக் கையில் வைப்பார். மாமனார் தன் மஞ்சள் துணியை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, இரு கைகளையும் விரித்துக் காட்டுவார். மாப்பிள்ளையும் விரித்துக் காட்டுவார். அதன் பிறகுதான் இருவரும் வண்டியை நோக்கி நடப்பார்கள்.